எல்லா வீட்டுக்கும் வைக்கிற உயரம்

“குசினிக்குள்ள பாஸ் சிங்க் பூட்டுறார்.”

வீடு திருத்துகிற எந்த வீட்டிலும் கேட்கக்கூடிய வசனம். குசினி போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்தது. பாஸ் ஒல்லாந்தருடையது. அவர்களுக்கு அது மேலாளைக் குறித்த சொல், எங்களிடம் வந்து மேசனும் தச்சரும் ஆகிவிட்டது. சிங்க் ஆங்கிலம். எங்களை ஆண்ட மூன்று பேரும் ஒரே வசனத்துக்குள்ள இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சிங்கின் முன்னால் இனி ஒவ்வொரு நாளும் நிற்கப்போகிறவர் அந்த வசனத்தில் இல்லை. வீடு திருத்துகிற பேச்சிலும் பெரும்பாலும் அவர் இருப்பதில்லை.

வீடு திருத்தத் தொடங்கினால் எதற்கெல்லாம் சண்டை வருகிறது என்று பாருங்கள். டைல்ஸின் நிறத்துக்கு வரும். முன்கதவு தேக்கா வேம்பா என்று வரும். சிங்குக்கு வராது. ஹாட்வெயாரில் பைப், எல்போ எல்லாத்தோடயும் சேர்ந்து லிஸ்டில் ஒரு வரியாக அது வந்து இறங்கிவிடும். எந்த உயரத்தில் பூட்டுறது என்று கேட்டால், “எல்லா வீட்டுக்கும் வைக்கிற உயரம்தான்” என்று பாஸ் சொல்வார். எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் என்று முடிவெடுத்தது யார்? இதைத் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, இதே மாதிரிக் கேள்விகளை 150 வருசத்துக்கு முன்னமே சில பெண்கள் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் எல்லோரும் ஒரே கட்சிக்காரர்களும் இல்லை.

அதற்கு முதல் நிலைமை எப்படி இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பிரித்தானியாவின் பெரிய வீடுகளில் பாத்திரம் கழுவுகிற இடம் சமையலறைக்குப் பின்னால் தனி அறை. அங்கே நின்றவள் வேலைக்காரர்களுக்குள்ளேயே கடைசிப் படியில் இருந்த பெண்பிள்ளை. அவளுக்கு ஆழமில்லாத கல்தொட்டி. விலையான பீங்கானும் கண்ணாடியும் கழுவ மட்டும் வேறு தொட்டி இருந்தது: மரத்தால் செய்து உள்ளே ஈயமோ செம்போ அடித்தது, பாத்திரம் இடிபட்டு உடையாமல் இருக்க. பீங்கானுக்குக் காட்டின இந்தக் கவனத்தை அந்தப் பிள்ளையின் முதுகுக்கு யாரும் காட்டவில்லை.

வேலைக்காரர் இல்லாத வீட்டை யோசித்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கத்தரின் பீச்சர். 1869இல் தன் தங்கை ஹரியட் பீச்சர் ஸ்டோவோடு சேர்ந்து வீட்டு நிர்வாகம் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். (தங்கையை உங்களுக்குத் தெரிந்திருக்கும், அடிமைமுறைக்கு எதிரான ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை எழுதியவர்.) பீச்சர் முன்மாதிரியாக எடுத்தது நீராவிக் கப்பலின் சமையற்கட்டை. 200 பேருக்குச் சமைக்கிற சாமான் முழுக்க ஒரு சின்ன இடத்துக்குள், ஒன்றிரண்டு எட்டில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கிறதே, வீட்டில் மட்டும் ஏன் ஒரு பெண் கிணற்றுக்கும் அடுப்புக்கும் இடையில் நாள்முழுக்க நடக்கவேண்டும் என்பது அவருடைய வாதம். அவருடைய திட்டத்தில் சிங்குக்குப் பக்கத்திலேயே இரண்டு பம்ப், ஒன்று கிணற்றுத் தண்ணிக்கு, மற்றது மழைத் தண்ணிக்கு. கழுவின பாத்திரத்தை வடியவைக்கிற பலகை பிணைச்சல் போட்டது, தேவையென்றால் மடித்துச் சிங்கின் மேல் கவிழ்க்கலாம். இன்றைக்குப் பார்த்தாலும் நல்ல யோசனை. இவ்வளவு யோசித்தவர் கல்யாணம் கட்டவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை தேவையில்லை என்றும் வாதாடினார். பெண்ணின் இடம் வீடு என்று உறுதியாக நம்பியதால்தான் அந்த வீட்டை அவ்வளவு நுணுக்கமாக அளந்தார் போலிருக்கிறது.

அடுத்தவர் கிறிஸ்டின் பிரெடெரிக். 1911இல் பிரெடெரிக் டெய்லரின் தொழிற்சாலை நிர்வாகப் புத்தகம் வந்தது. தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் மணிக்கூடு வைத்து அளந்து, வீணான அசைவை வெட்டுவது டெய்லரின் முறை. கிறிஸ்டின் அந்த மணிக்கூட்டைக் குசினிக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவுவதில் மட்டும் தான் 80 பிழையான அசைவுகள் செய்துவந்ததாக எழுதினார். சிங்குகள் பெரும்பாலும் தாழ்வாகப் பூட்டப்படுகின்றன, குனிந்து குனிந்தே பெண்கள் களைக்கிறார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. அழுக்குக் கோப்பை வலப்பக்கம், கழுவினது வடிகிற பலகை இடப்பக்கம் என்ற ஒழுங்கையும் சொன்னார். வலக்கைக்காரர் இடக்கையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டுதான் கழுவுவார், அந்தக் கையாலேயே அப்படியே இடப்பக்கம் வைத்துவிடலாம். செய்து பாருங்கள், சரியாகத்தான் இருக்கு. ஆனால் டெய்லரின் தொழிற்சாலையில் அளந்தவர் ஒருவர், அளக்கப்பட்டவர் வேறொருவர். குசினியில் இரண்டும் ஒரே ஆள். மிச்சம் பிடித்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை. பிறகு அவர் கம்பனிகளுக்கு விளம்பர ஆலோசகராகி, பெண்களுக்குப் பொருள் விற்பது எப்படி என்று 1929இல் ஒரு புத்தகமே எழுதினார்.

கிறிஸ்டினின் புத்தகம் ஜேர்மன் மொழிக்குப் போய், வியன்னாவில் கட்டடக்கலை படித்த ஒரு பெண்ணின் கைக்குக் கிடைத்தது. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, பிறப்பு 1897. முதலாம் உலகப்போருக்குப் பிறகு ஜேர்மனியில் வீட்டுப் பஞ்சம். பிராங்பேர்ட் நகரசபை எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக்கலைஞரின் கீழ் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆயிரக்கணக்கில் வீடு கட்டியது. அந்த வீடுகளுக்கான குசினியை 1926இல் வரைந்தவர் இவர். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கிற குசினியையும் பார்த்து வரைந்தது. சின்ன இடம், ஆனால் ஒவ்வொரு அங்குலத்திலும் ஒருவரின் உடம்பைப் பற்றிய யோசனை இருந்தது. யன்னலுக்குக் கீழே இருந்து வேலை செய்ய மேசையும் சுழலும் ஸ்டூலும். சிங்குக்குப் பக்கத்தில் கோப்பை தானாக வடிந்து காய ஒரு தட்டு, துடைக்கிற வேலை மிச்சம். அடுத்த அறையில் விளையாடுகிற பிள்ளையைப் பார்க்க இழுவைக் கதவு. இந்தக் குசினி ஏறத்தாழ 10,000 வீடுகளில் பூட்டப்பட்டது. அதன் செலவு வாடகைக்குள்ளேயே சேர்க்கப்பட்டது, குடும்பம் தனியாகக் காசு தேடத் தேவையில்லை.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்த விசயம், அதை வரையும்வரை தான் சமைத்ததே இல்லை என்று லிஹோட்ஸ்கியே பிற்காலத்தில் சொன்னதுதான். பெண் என்பதால் அவருக்குக் குசினி தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவர் படித்து, அளந்து, கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அப்படியென்றால் ஆண் மேசனுக்கும் அது முடியாத காரியம் இல்லை, கேட்டால் போதும். அவருடைய மிச்ச வாழ்க்கை குசினிக்குள் அடங்குவது இல்லை. 1930களில் சோவியத் ஒன்றியத்தில் வேலை செய்தார், ஒஸ்ரியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், நாசிகளை எதிர்த்த இரகசிய வேலைக்காக வியன்னா போய் 1941இல் பிடிபட்டு 1945 வரை சிறையில் இருந்தார். கம்யூனிஸ்ட் என்பதால் போருக்குப் பிறகு சொந்த நாட்டில் அவருக்கு அரச வேலைகள் அதிகம் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டு சாகும்வரை ஆட்கள் அவரிடம் கேட்டது அந்தக் குசினியைப் பற்றித்தான். அவருக்கு அதில் நல்ல எரிச்சல்.

1970களில் பெண்ணியவாதிகள் அதே குசினியை வேறு கண்ணால் பார்த்தார்கள். ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய குசினி என்றால் வேலை செய்வதும் ஒரு ஆள் மட்டும்தானே? இரண்டாவது ஆள் உதவிக்கு வந்தால் முட்டுப்படும். வேலையைச் சுலபமாக்குகிற பெயரில் அவளைத் தனியாகப் பூட்டிவைத்தது அந்தக் குசினி என்றார்கள். எங்களுக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் நாள்முழுக்க ஆலையில் வேலை செய்து வந்த ஒருத்திக்கு 1926இல் அரை மணித்தியாலம் மிச்சம் பிடித்துக் கொடுத்ததை லேசாகத் தள்ளிவிட ஏலாது.

உயரத்துக்கு வருவோம். லிலியன் கில்பிரெத் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1920களின் கடைசியில், மேடையின் உயரம் அதில் வேலை செய்கிற பெண்ணின் உயரத்துக்கு ஏற்ப இருக்கவேண்டும் என்று வாதாடினார். நடந்தது எதிர்மாறு. கபேட்டுகள் தொழிற்சாலையில் செய்யப்படத் தொடங்கின. அடுப்பு, மேடை, சிங்க் எல்லாம் ஒரே கோட்டில் பொருந்தினால்தான் கம்பனிக்கு விற்கச் சுகம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அமெரிக்காவில் அது 36 அங்குலத்தில் வந்து நின்றது. எங்கட பன்ட்ரிகளும் அந்த அளவைச் சுற்றித்தான் செய்யப்படுகின்றன. ஐந்தடிக்குக் குறைந்த அம்மம்மாவுக்கும் அதுதான்.

உலோகத்தின் கதை இதைவிடச் சின்னது. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஹரி பிறியர்லி துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க உருக்கு தேடிக்கொண்டிருந்தபோது துருப்பிடிக்காத உருக்கு கிடைத்தது. அது முதலில் கத்திகளுக்குப் போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீட்டுச் சிங்குகளில் பரவலானது. நாங்கள் இன்று கோப்பை கழுவுவது ஆயுத ஆராய்ச்சியின் மிச்சத்தில்.

எங்கட பக்கம் இந்த வரலாறு இன்னொரு மாதிரி. கிணற்றடியில் குந்தியிருந்து, சாம்பலும் தும்பும் போட்டுத் தேய்த்த காலம் அம்மம்மாக்களின் ஞாபகத்தில் இருக்கு. அந்தத் தண்ணி வாழைக்குப் போகும். அதை அழகான காலம் என்று எழுத எங்களுக்கு மனமில்லை. முழங்கால் தேய்ந்ததும் அங்கேதான், சாதி பார்த்துத் தண்ணி அள்ள விடாததும் அதே கிணறுகளில்தான். மலையகத்தில் லயம் கட்டிய தோட்டத்துரைமார் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையும் ஒரு வாசலும் கொடுத்தார்கள். கழுவுவதற்கு என்று ஒரு இடம் அந்த வரைபடத்தில் இல்லை, பீலிக்கு நடக்கவேண்டும். கொழுந்தை நிறுக்கத் தராசு வைத்திருந்தவர்கள் அந்த நடையை அளக்கவில்லை. சிங்க் வந்தது உண்மையான விடுதலைதான். ஆனால் கிணற்றடியில் நாலு பேரோடு கதைத்துக்கொண்டு செய்த வேலை, இப்போது சுவரைப் பார்த்துத் தனியாகச் செய்கிற வேலை ஆகிவிட்டது.

ஆகவே வீடு திருத்துகிறவர்களுக்குச் சில விசயம். பாத்திரம் கழுவுகிறவரைச் செருப்போடு நிற்கச் சொல்லி, கையை மடக்கி, முழங்கையின் உயரத்தை அளவுங்கள். சிங்கின் விளிம்பு அதற்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே வரட்டும். விளிம்பை மட்டும் பார்க்காதீர்கள், கை வேலை செய்வது சிங்கின் அடியில். பத்து அங்குல ஆழமான சிங்க் கடையில் வடிவாக இருக்கும், குனிவது அம்மாதான். தகட்டின் கேஜ் இலக்கம் குறையக் குறையத் தடிப்புக் கூடும்: 18 நல்லது, 22 தட்டினால் தகரம் மாதிரிச் சத்தம் போடும். சவர்த்தண்ணி உள்ள இடத்தில் விலைகுறைந்த உருக்கில் புள்ளி விழும், ‘304’ என்று கேட்டு வாங்குங்கள். இடமிருந்தால் யன்னலுக்குக் கீழே வையுங்கள். கழிவுத்தண்ணி எங்கே போகிறது என்று பாஸிடம் கேளுங்கள், கிணற்றுப் பக்கம் குழி வெட்ட விடாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் அது திரும்பக் கிணற்றுக்கே வரும்.

உயரம் கூடியவரும் குறைந்தவரும் மாறி மாறிக் கழுவுகிற வீடு என்றால் குறைந்தவரின் அளவுக்கே பூட்டுங்கள். மற்றவருக்குச் சிங்கின் அடியில் ஒரு கம்பித்தட்டு வைத்துப் பாத்திரத்தை உயர்த்திக் கொடுக்கலாம். ஆறடி அண்ணாவுக்கும் அது போதும்.