தூக்கம் தந்த வேரும் ஹகீமின் பெயர் தாங்கிய மருந்தும்



"சேர், இரவில நித்திரை வருகுதில்ல. நல்ல மூலிகை ஏதும் தெரியுமா?" பெற்றோர் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதனால் இன்று ஒரு வேரின் வரலாற்றைப் பார்ப்போம்.

அந்த வேர் சர்ப்பகந்தா. யூனானி வைத்தியத்தில் அஸ்ரோல் என்பார்கள். இந்தியாவிலும் நமது நாட்டிலும் வளரும் சிறு செடி. தூக்கமின்மைக்கும் மனக்கொந்தளிப்புக்கும் ஹகீம்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கொடுத்து வந்தார்கள். பீஹார் மக்கள் இதைப் 'பைத்திய மருந்து' என்றே அழைத்தார்கள்.

டில்லியின் ஹகீம் அஜ்மல் கான் புகழ்பெற்ற வைத்தியப் பரம்பரையில் வந்தவர். அவர் உருவாக்கிய திப்பியா கல்லூரியை 1921 இல் காந்தி திறந்து வைத்தார். பரம்பரை அறிவு ஆய்வுகூடத்திலும் சோதிக்கப்பட வேண்டும் என்பது ஹகீமின் விருப்பம். அதற்கு அவர் நம்பியது, ஜெர்மனியில் இரசாயனம் கற்ற இளைஞர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை. 1927 இன் இறுதியில் ஹகீம் காலமானார். சித்தீக்கி பணியைத் தொடர்ந்தார். 1931 இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு 'அஜ்மலின்' என்று ஹகீமின் பெயரையே சூட்டினார். இதயத் துடிப்புக் கோளாறுகளைக் கண்டறிய வைத்தியர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

1949 இல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல், இந்த வேர் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 1952 இல் சுவிட்சர்லாந்தில் இதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. சில வருடங்களிலேயே அது மேற்குலகின் மனநல வைத்தியசாலைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

கூடவே எச்சரிக்கையும் வந்தது. அளவு மீறினால் இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கும். சிலருக்குக் கடும் மனச்சோர்வு ஏற்பட்டதாகவும் வைத்தியர்கள் பதிவு செய்தார்கள்.

ஹகீம்கள் நாடி பிடித்து, ஆளைப் பார்த்து, அளவோடு கொடுத்த மருந்து இது. இன்று நாமோ வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பைப் பார்த்து, பெயர் தெரியாத பொடியை வாங்கி, பிரஷர் குளிசையோடு சேர்த்து விழுங்குகிறோம். மூலிகைதானே, என்ன செய்யும் என்கிறோம். ஒரு மருந்து வேலை செய்யுமென்றால், தவறாகப் பாவித்தால் கெடுதியும் செய்யும்.

நமது நாட்டில் 1929 முதல் யூனானி முறையாகக் கற்பிக்கப்படுகிறது. பதிவு பெற்ற வைத்தியர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். நித்திரை இல்லையா? அவர்களிடம் போங்கள். ஏற்கெனவே குடிக்கும் குளிசைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். முன்னோரின் வைத்தியத்துக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான நித்திரையைத் தருவானாக.