கோட்டையும் கால யந்திரமும்

வட்டக்கோட்டை என்று பெயரே தவிர, கோட்டை வட்டமாக இல்லை; நீள்சதுரமாக இருக்கிறது. அதன் கருங்கல் மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்ததும் இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விட்டது போலிருந்தது. உடனே ஒரு சினிமாப் படம் நினைவுக்கு வந்தது.

1991-ல் சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் எடுத்த 'ஆதித்யா 369' அது. 'அபூர்வ சக்தி 369' என்று தமிழிலும் பேசிற்று. வெல்ஸ் 1895-ல் எழுதிய நாவலின் தூண்டுதலால் பிறந்த கதை. கால யந்திரம் கதாநாயகனை முதலில் 1526-க்கு, கிருஷ்ணதேவராயர் சபைக்குக் கொண்டு போகிறது. பிறகு 2504-க்கு. அங்கே யுத்தம் விட்டுச் சென்ற கதிரியக்கத்துக்கு அஞ்சி, மனிதர்கள் பூமிக்கடியில் ஒடுங்கி வாழ்கிறார்கள்.

படம் பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ராயர் சபையை வாய் ஓயாமல் வர்ணிப்பார்கள். பாதாள வாழ்க்கையைப் பற்றி, "அதுவும் வந்தது" என்பதோடு சரி. நானும் அப்படித்தான் இருந்தேன். சென்ற காலத்துக்கு நாம் பொறுப்பல்ல, நிம்மதியாக ரசிக்கலாம். வருங்காலம் அப்படியா?

இந்தக் கோட்டையை உருவாக்கிய டிலனாய், 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். எதிரியாக வந்தவர் அதே அரசின் 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777-ல் மறைந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கப்பலிலிருந்து இறங்கிய அன்று யாராவது இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஆகவே, வருங்காலம் முன்கூட்டி எழுதி வைத்ததல்ல. 2504-ன் பாதாளம் தீர்ப்பல்ல, எச்சரிக்கை. அன்றைய மனிதருக்கு நாம்தான் ராயர் காலத்தவர். அவர்களும் இந்த மதில்மேல் உட்கார்ந்து காற்று வாங்கும்படி நாம் விட்டுவைப்போமா?