பட்டும் நம் மகளிரும்

காஞ்சி மாநகர் என்றதும் கோபுரங்களும் பட்டுமே எவர் நெஞ்சிலும் முதற்கண் தோன்றும். அப்பட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் சாலியர், தேவாங்கர், செங்குந்தர் என நிரல்பட உரைப்பர். நம்மவர் பெயர் அங்கு வருவது அரிது. ஆயினும் நாம் தறியறியாதார் அல்லேம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நம் முன்னோர் பருத்தியில் முரட்டு வெள்ளைத் துணி நெய்தனர். அட்டவணை இனத்தார் பட்டியலில் இன்றும் காணும் 'கோலியன்' என்னும் பெயர் நெசவு செய்த நம்மவர் பிரிவினரைக் குறிப்பதே.

நெய்தோர்க்கு உடுத்தும் உரிமை இருந்ததா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் நம்மவர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பெண்டிர் மேலாடை அணியலாகாது, பொன்னும் வெள்ளியும் பூணலாகாது என்பன அவற்றுட் சில. அதற்கு மூன்றாண்டுகட்கு முன்பே, 1927 டிசம்பரில், மகாத்து நகரில் அண்ணல் அம்பேத்கர் நம் மகளிரை நோக்கி, தாழ்ந்தோர் என அடையாளம் காட்டும் உடைமுறையை விட்டொழிக்குமாறு வேண்டினார். சேலைக்கட்டு எத்துணைப் பெரிய செய்தி என்பதை இளைஞர்கள் உணர்தல் வேண்டும்.

இக்காலத்தே பாட்டியின் பழஞ்சேலையைத் தைத்தும் கோத்தும் குடும்ப நினைவைக் கலையாக்குவோர் உளர். நன்று. பேழையில் பட்டே இல்லாத வீட்டார் தம் நினைவை எதிற் கோப்பது?

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. நெய்பவர் கைக்கு எட்டாத பக்கத்துக் கரை நாடாவை அருகமர்ந்த துணையாள் தள்ளவேண்டும். முன்னாளில் பெரும்பாலும் அது ஒரு சிறு பிள்ளையாக இருந்தது. நம் அன்னையார் 1950களின் இறுதியில், வீட்டார் பெற்ற முன்பணத்துக்காக, பத்து வயதில் அவ்வாறு அமர்ந்தவரே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலும் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இலும் வந்தன. இருந்தும் 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் வெளியிட்ட அறிக்கை, காஞ்சித் தறிகளில் இன்னும் கட்டுண்டிருந்த சிறாரைப் பற்றிப் பேசிற்று. அவர்களுள் நம் குழந்தைகளும் இருந்தனர்.

நூல் சேலையில் மணமுடித்த அன்னையாருக்கு 1996இல் நம் முதற் சம்பளத்தில் ஒரு கோர்வைப் பட்டு வாங்கிக் கொடுத்தோம். அவர் உடனே உடுத்தவில்லை. வலக்கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடலும் கரையும் இணையுமிடத்தில் விரல் வைத்து, "இந்தக் கரையத் தள்ளுனது சின்னப் புள்ள கைடா, தம்பி" என்றார்.

அச்சேலை இப்போது நம் மகளின் பெட்டியில் உள்ளது. அவ்விடத்தை அவளுக்கும் தொட்டுக் காட்டியிருக்கிறோம்.