எதை எழுதுவது, எதை விடுவது: தரவுத்தளப் பதிவேடுகளின் சிறு வரலாறு

சென்ற மாதம் என் ஆய்வுக்கான சொற்றொகுப்பைத் தாங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓர் இரவில் நின்றுபோயிற்று. தரவு பெருகியதால் அன்று. ஒவ்வொரு வினவலையும் எழுதிவைக்கும்படி சோதனைக்காக நான் இட்ட கட்டளையை விலக்க மறந்ததால், லாக் கோப்புகளே வட்டினை நிரப்பிவிட்டன. அவசரத்தில் அவற்றை அழித்தேன். சில நாள்களாகத் தலைகாட்டிவந்த ஒரு பிழையின் தடமும் அவற்றோடு அழிந்தது. மிகைப்பதிவு என்பது இடத்தைப் பற்றிய சிக்கல் மட்டுமன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

'லாக்' என்பதற்கு ஆங்கிலத்தில் மரக்கட்டை என்றே முதற்பொருள். கயிற்றில் கட்டிய கட்டையைக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அவ்வளவுகளைக் குறித்த ஏடு அப்பெயரையே பெற்றது. மாலுமி அலைகள் அனைத்தையும் எழுதவில்லை. குறித்த இடைவெளியில் அளந்ததையே எழுதினார்.

கணினிக்கு இத்தேர்வு 1980களில் வாய்த்தது. பெர்க்லியில் இன்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்தில் பணியாற்றிய எரிக் ஆல்மன், தம் சென்ட்மெயில் மென்பொருளுக்காக சிஸ்லாக் முறையை உருவாக்கினார். நெருக்கடி முதல் பிழைதிருத்தக் குறிப்பு வரை எட்டுப் படிநிலைகளாகச் செய்திகளை வகுக்கும் வழக்கம் அதன்வழிப் பரவியது. இன்கிரெஸின் வழித்தோன்றலாக 1986இல் அங்கேயே தொடங்கப்பட்டதுதான் போஸ்ட்கிரெஸ்.

போஸ்ட்கிரெஸின் படிநிலைகளில் மொழியியலாளரை ஈர்க்கும் நுட்பம் ஒன்றுண்டு. 'லாக்' என்னும் வகைச் செய்தி, சேவையகப் பதிவேட்டில் 'எரர்' வகைக்கும் மேலே நிற்கிறது. பயனருக்கு அனுப்பும் வரிசையிலோ பிழைதிருத்தக் குறிப்புகளுக்கு அடுத்த நிலைக்குத் தாழ்கிறது. செய்தி ஒன்றே; கேட்பவர் மாற, அதன் மதிப்பும் மாறுகிறது.

ஆயினும் படிநிலை மட்டும் போதவில்லை. மெதுவாக ஓடும் வினவல் பிழையன்று; ஆனால் அறியப்பட வேண்டியது. 2003இல் வந்த 7.4ஆம் பதிப்பு, குறித்த நேரத்தைக் கடந்த வினவல்களை மட்டும் எழுதும் வசதியைத் தந்தது. 2019, 2020ஆம் ஆண்டுகளின் 12, 13ஆம் பதிப்புகள் மாதிரியெடுப்பைக் கொணர்ந்தன: அனைத்தையும் எழுதாமல் ஒரு விழுக்காட்டை மட்டும் எழுதலாம். மாலுமியின் பழைய முறைக்கே ஒருவகையில் திரும்பினோம்.

2022இன் 15ஆம் பதிப்பு எதிர்த்திசையில் ஓரடி வைத்தது. அதுவரை கேட்டால் மட்டுமே எழுதப்பட்ட செக்பாயின்ட் செய்திகள், இயல்பாகவே எழுதப்படலாயின. மௌனத்திற்கும் விலையுண்டு என்பதன் ஒப்புதல் இது.

இப்போது என் தரவுத்தளம் இரண்டு நொடியைக் கடந்த வினவல்களையும் பிழைகளையும் மட்டுமே எழுதுகிறது. கோப்புகள் வாரந்தோறும் சுழல்கின்றன. வட்டு நிரம்புவதில்லை. ஆனால் ஒன்றே முக்கால் நொடியில் முடிந்தவை எந்த ஏட்டிலும் இரா. ஆவணக்காப்பகத்தில் அமர்ந்து கடந்தகாலத்தைப் படிக்கும் நாமும், யாரோ என்றோ வைத்த ஓர் எல்லைக்கோட்டுக்கு மேலே எஞ்சியதைத்தானே படிக்கிறோம்?