எல்லா உறுப்பினருக்கும் ஆட்சியில் பங்கு கொடுத்த சபை



பாராளுமன்றம் என்றாலே ஒரு பக்கம் ஆளுங்கட்சி, மறுபக்கம் எதிர்க்கட்சி என்றுதான் நமக்கு ஞாபகம் வருகிறது. ஆனால் நமது நாட்டின் சபை 1931 முதல் 1947 வரை வேறு விதமாக நடந்தது.

அதற்கு முன் நூற்றுக்கு 4 பேர் அளவுக்குத்தான் வாக்கு இருந்தது. 1927இல் வந்த டொனமூர் ஆணைக்குழு அந்த வேலியைப் பிரித்தது. 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. கண்டக்குழியில் வலை பின்னியவருக்கும் கொழும்பு அப்புக்காத்துக்கும் ஒரே பெறுமதி!

அரசாங்க சபை உறுப்பினர்கள் 7 நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்த தலைவரே அமைச்சர். எந்த ஊர் உறுப்பினரும் ஏதோ ஒரு துறையின் நிர்வாகத்தில் இருந்தார். 1945இன் இலவசக் கல்வியும் கன்னங்கரா தலைவராக இருந்த கல்விக் குழுவின் காலத்தில் வந்ததுதான்.

ஓட்டையும் இருந்தது. முன்பு முஸ்லிம்களுக்கு இருந்த 3 இனவாரி ஆசனங்கள் நீங்கின. 1931இல் தெரிவானவர் மட்டக்களப்பு தெற்கின் மாக்கான் மாக்கார் ஒருவரே. அந்த ஆசனங்களுக்காக அன்றைய நமது தலைவர்கள் வாதாடியதைக் குறுகிய புத்தி என்று சொல்ல நமக்கு மனம் வராது. 1936இல் ஒவ்வொரு குழுவிலும் பெரும்பான்மை அமையும்படி பார்த்துக்கொண்டு, 7 அமைச்சுகளையும் சிங்களவர்களே எடுத்தார்கள்.

சோல்பரி யாப்பு குழுக்களையே ஒழித்து, மந்திரிசபையைக் கொண்டுவந்தது. தலைவர் தெரிவுக்கு ஒரு விதி போட்டு குழுக்களை வைத்திருக்கலாம் என்பதே நமது எண்ணம். ஆனால் அது ஒரு நல்லதும் செய்தது: 75,000 பேருக்கு ஓர் ஆசனம், அதற்கு மேல் 1,000 சதுர மைலுக்கும் ஓர் ஆசனம். சனம் ஐதான வரண்ட பகுதிகளையும் கணக்கில் எடுத்த முறை இது. 1947இல் புத்தளத்தில் எச். எஸ். இஸ்மாயில் தெரிவானார்.

1956இல் அவரே சபாநாயகர். அவ்வருடம் ஜூனில் தனிச் சிங்களச் சட்டம் சபைக்கு வந்தது. சபாநாயகர் விவாதத்தில் பேசுவதில்லை. வாக்குகள் சமமானால் தவிர வாக்களிப்பதுமில்லை. தமிழ் பேசும் புத்தளத்தின் ஒரே உறுப்பினர் அன்று அந்தக் கதிரையில் இருந்தார்.