பவல் கேட்ட 2,560 ஏக்கர்

பிரெஞ்சுப் பள்ளியில் சம உயரக் கோடுகளை 'கூர்ப் த நிவோ' என்று படித்தவன் நான். சென்ற வாரம் பேரன் கணினியில் காட்டிய நெவாடா மாநில வரைபடத்தில் அவற்றை மறுபடி பார்த்தேன். எங்கும் பழுப்புக் கோடுகள். ஊரே இல்லை. ஒரு மாட்டுப்பண்ணை, ஒரு காற்றாடிக் கிணறு, மழைக்கு மட்டும் ஓடும் ஓடைக்கு விட்டுவிட்டு நீலக்கோடு. அதன்மேல் சிவப்புக் கட்டங்கள்; கட்டத்துக்கு ஒரு சதுர மைல், 640 ஏக்கர்.

1862ஆம் வருடச் சட்டப்படி குடியேறியவருக்கு 160 ஏக்கர். அந்த வறட்சியில் அது மாட்டுக்கு எம்மாத்திரம்? போரில் வலக்கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் 1878இல் எழுதினார்: மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் கொடுங்கள், எல்லையைக் கட்டம் கட்டாமல் தண்ணீரைப் பார்த்துப் போடுங்கள் என்று. (பத்திரங்களில் நான்கெல்லை எழுதியே காலம் கழித்த எனக்கு இது உறைத்தது. கிணற்றுப் பங்கை எழுத விட்டுப்போன பத்திரம்தான் கோர்ட்டுக்குப் போகும்.)

1881இல் புவியியல் அளவைத் துறைக்குத் தலைவரானார். தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேக்கலாம் என்று அறிய 1888 முதல் வறண்ட மேற்கை அளக்க வைத்தார். அதுவரை நிலம் கொடுப்பது நின்றது, பலருக்கும் கோபம். 1890இல் நாடாளுமன்றம் அந்தப் பணத்தையே நிறுத்திவிட்டது.

பவல் 1902இல் காலமானார். மேய்ச்சலுக்கென்று 640 ஏக்கர் தரும் சட்டம் 1916இல்தான் வந்தது. அவர் கேட்டதில் கால்பங்கு, அதே கட்டத்துக்குள்.