கற்றுக்குட்டி வேஷம்

ஸ்னூக்கர் என்ற சொல்லுக்குக் கற்றுக்குட்டி என்று பொருள். இங்கிலாந்தின் வூல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்த பையன்களை அப்படித்தான் கிண்டலாகக் கூப்பிடுவார்கள். 1875இல் ஜபல்பூர் ராணுவ மெஸ்ஸில் மழைக்காலத்துப் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி நின்ற அதிகாரிகளில் நெவில் சேம்பர்லைன் என்ற இளைஞரும் ஒருவர். பின்னால் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லைன் வேறு ஆள். ஏற்கெனவே இருந்த ஆட்டத்தில் கலர் பந்துகளைச் சேர்த்து அவர்கள் புதிதாக ஒன்றை ஆடிக்கொண்டிருந்தார்கள். சுலபமான பந்தைக் கோட்டைவிட்ட ஒருவரை சேம்பர்லைன் 'ஸ்னூக்கர்' என்றார். அந்த ஆள் முகம் சுருங்கியதும், இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்தானே என்று சமாதானமும் சொன்னார். ஆட்டத்துக்கு அதுவே பெயராக நின்றுவிட்டது.

1880களில் சேம்பர்லைன் சென்னை ராணுவத் தளபதி ராபர்ட்ஸிடம் வேலை பார்த்தபோது அந்த ஆட்டம் ஊட்டி கிளப்புக்கு வந்தது. விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். உலகம் முழுக்க டிவியில் பார்க்கிற ஸ்னூக்கர் ஒழுங்கான உருவம் பெற்றது நம் நீலகிரியில்தான். 1938இல் 'தி ஃபீல்ட்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் சேம்பர்லைன் இந்தப் பிறப்பு வரலாற்றைச் சொல்லிவைத்தார்.

என் மாமாவுக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்திருந்தால் ரொம்ப நேரம் சிரித்திருப்பார். ஏனென்றால் ஏறக்குறைய முப்பது வருடம் அவர் சோறு தின்றது அந்தச் சொல்லின் அர்த்தத்தை வைத்துத்தான். கற்றுக்குட்டி மாதிரி நடிப்பது அவர் தொழில்.

இந்தத் தொழிலுக்குத் தமிழில் பெயர் கிடையாது. ஆங்கிலத்தில் 'ஹஸ்லர்' என்பார்கள். குலுக்குவது என்ற பொருள் கொண்ட டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. சூதாடி என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். "சூதாடி தோக்கறவன். நான் ஆட்டக்காரன்" என்பார். ஊரில் அவரை வெறுமனே 'பெங்களூர்க்காரர்' என்றார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் என் அம்மா, "அண்ணன் கம்பெனில இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். மாமா சிறுவனாக இருந்தபோது அது சேலம் மாவட்டம். 1965 அக்டோபர் 2இல்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது. மழை பொய்த்தால் ராகியும் இல்லை, கூலியும் இல்லை. பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் ஜனம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. மாமாவும் போனார். ஆனால் போவதற்கு முன்பே அவர் விரல் பழுத்துவிட்டது, கேரம் போர்டில்.

ஏழைகளின் பில்லியர்ட்ஸ் கேரம்தான். பன்னிரண்டடி மேஜை வேண்டாம், பச்சைத் துணி வேண்டாம். சுமார் 29 அங்குலச் சதுரப் பலகை, ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு, தலைக்கு மேல் ஒரு குண்டு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர். 'வட சென்னை' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடங்களின் வாசனை கொஞ்சம் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்து டவுன்களிலும் டீக்கடைக்குப் பின்னால் அப்படி ஒன்றிரண்டு இருந்தன. போர்டுக்கு இவ்வளவு என்று வாடகை. அதற்கு மேல் ஆடுகிறவர்கள் வைத்துக்கொள்வது அவர்கள் பாடு.

பெங்களூரில் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் மேஜைத் துணிக்கு பிரஷ் போடுகிற வேலை மாமாவுக்குக் கிடைத்தது. பிறகு மார்க்கர் ஆனார். மார்க்கர் என்றால் ஸ்கோர் எழுதுகிறவர், பந்தை எடுத்து வைக்கிறவர், கூட ஆட ஆள் வராத பெரிய மனுஷனுக்குத் துணைக்கு ஆடுகிறவர். வெள்ளைக்காரன் கிளப்புகள் கட்டிய காலத்திலிருந்தே இந்த ஆட்டத்தை நன்றாகக் கற்றவர்களில் பலர் இந்த வேலைக்காரர்கள்தான். கிளப்பில் உறுப்பினராக முடியாது, மேஜையைத் தொடாமல் இருக்கவும் முடியாது. மார்க்கர் கற்றுக்கொள்கிற முதல் பாடம் ஒன்று உண்டு: துரை ஜெயிக்க வேண்டும், ஆனால் நீ விட்டுக்கொடுத்தது அவருக்குத் தெரியக்கூடாது. மாமா அந்தப் பாடத்தைத்தான் வெளியே கொண்டுவந்து காசாக்கினார்.

பிற்பாடு நகரத்தில் எட்டாம் நம்பர் பந்தை வைத்து ஆடும் சின்ன மேஜைகள் வந்தன. அந்த ஆட்டத்தின் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதினால் கெட்ட வார்த்தை ஆகிவிடும். வீட்டில் பெண்கள் முன்னால் சொல்ல முடியாமல் மாமா அதை 'எட்டாம் நம்பர்' என்றே சொல்வார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லாரும் சேர்ந்து போட்ட பந்தயப் பணம் என்று அர்த்தம். குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களில், ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆட்கள் போரடித்துப் போய்விடாமலிருக்க பில்லியர்ட்ஸ் மேஜை போட்டார்கள். பந்தயத்தின் பெயர் மேஜை மேல் ஒட்டிக்கொண்டது.

வேலை எப்படி நடக்கும் என்று மாமா சாராயம் இல்லாத நாளில் சொல்வார். குடித்தால் ஒரு வார்த்தை வராது.

புது ஊர், புதுக் கூடம். லாரி கிளீனர் மாதிரி ஒரு சட்டை. முதல் நாள் வேடிக்கை மட்டும். இரண்டாம் நாள் டீக்காசுக்கு ஆடித் தோற்பது. "தோக்கறதுதான் மாப்ளே கஷ்டம். கோணலா அடிச்சுத் தோத்தா எவனும் நம்ப மாட்டான். சரியா அடிக்கணும், பாக்கெட் வாயில போய் நிக்கணும். பாக்கறவன் 'அடடா'ன்னு சொல்லணும்." மூன்றாம் நாள் ஒன்று ஜெயிப்பார், அதுவும் கடைசிக் காயில், திருட்டு முழி முழித்துக்கொண்டு. எதிராளி பந்தயத்தை ஏற்றுவான். அதற்குப் பிறகும் பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கவே மாட்டார். கேரம் ஆட்டத்துக்கு 25 பாயிண்ட் என்றால் எதிராளி இருபதுக்கு மேல் வந்திருக்க வேண்டும். நூலிழையில் தோற்றவன் இன்னொரு தடவை உட்காருவான். நொறுங்கிப் போனவன் எழுந்து போய்விடுவான்.

நெட் போல்ஸ்கி என்ற அமெரிக்க சமூகவியலாளர் இதே விஷயத்தை ஆராய்ந்து 1967இல் புத்தகமாக வெளியிட்டார். 'ஹஸ்லர்ஸ், பீட்ஸ், அண்ட் அதர்ஸ்' என்று பெயர். அவரே பில்லியர்ட்ஸ் ஆடுகிறவர், அதனால் கூடத்துக்குள்ளேயே நின்று பார்த்து எழுத முடிந்தது. அந்தப் புத்தகத்தைப் படித்தபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. எட்டாவது தாண்டாத பாலக்கோட்டு மனுஷர் சொன்னதும் நியூயார்க்காரர் எழுதியதும் அப்படியே பொருந்திப்போயின. உண்மைத் திறமையை மறை, கொஞ்சமாக ஜெயி, பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. வால்டர் டெவிஸின் 1959 நாவலும், அதை வைத்து 1961இல் பால் நியூமன் நடித்து வந்த 'தி ஹஸ்லர்' படமும் இந்த மனிதர்களைக் காவிய நாயகர்கள் ஆக்கின. போல்ஸ்கி காட்டுவது சாதாரணத் தொழிலாளியை. பஸ் பிடிக்கிறான், ரூம் வாடகை கட்டுகிறான், பல நாள் வெறுங்கையோடு திரும்புகிறான்.

பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் இதில் கொடுமையான விஷயம். சென்னையின் மரிய இருதயம் 1991இலும் 1995இலும் கேரமில் உலக சாம்பியன் ஆனார். 1996இல் அர்ஜுனா விருது வாங்கினார். பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த மாமா ரொம்ப நேரம் மடித்து வைக்காமல் வைத்திருந்தார். "நீயும் போட்டிக்குப் போயிருக்கலாம்ல மாமா?" என்று கேட்டேன். "பேர் வந்துட்டா அப்புறம் எவன் என்கூட உக்காருவான்?" என்றார். அவ்வளவுதான். ஒருவன் தன் வாழ்நாளில் மிக நன்றாகச் செய்த ஒன்றை யாருக்கும் காட்டாமல் செய்திருக்கிறான். அவர் நன்றாக ஆடிய ஆட்டங்களுக்குச் சாட்சியாக இருந்தது அதில் தோற்றவர்கள் மட்டும்தான்.

சட்டம் இந்த விஷயத்தை நேர் எதிராகப் பார்க்கிறது. 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டத்தில் 11ஆவது பிரிவு, வெறும் திறமையால் ஆடப்படும் ஆட்டங்களுக்கு விலக்கு கொடுத்தது. அதிர்ஷ்டம் என்றால் சூது, திறமை என்றால் விளையாட்டு. 1967இல் உச்ச நீதிமன்றம் செகந்திராபாத்தின் ஒரு கிளப் வழக்கில் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைத்து, எதைப் பிடிப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது, மூணு சீட்டு மாதிரி இல்லை என்பது நீதிபதி ஹிதாயத்துல்லா சொன்ன காரணம். அன்றிலிருந்து கோர்ட்டுக்குப் போகிற ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் திறமைதான் கவசம்.

மாமா ஒரு தடவை மாட்டினார். எங்கள் மாவட்டத்திலேயே ஒரு டவுனில் கேரம் கூடத்தில் ரெய்டு. ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்து, காலையில் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அம்மா தோட்டை அடகுவைத்து ஒரு வக்கீலைப் பிடித்தாள். வக்கீல் சட்டம் தெரிந்தவர், உற்சாகமாகிவிட்டார். கேரம் சுத்தமான திறமை ஆட்டம், இவர் எவ்வளவு தேர்ந்த ஆட்டக்காரர் என்று நிரூபித்தால் கேஸ் நிற்காது என்றார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், அத மட்டும் சொல்லிடாதீங்க" என்றாராம். வெளியே கூடத்தில் அவரோடு பிடிபட்ட ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் நாலு பேரிடம் அவர் இன்னும் ஆட வேண்டியிருந்தது. குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தார். திறமைசாலி என்று கோர்ட்டில் பெயர் வாங்குவதைவிட சூதாடி என்று பெயர் வாங்குவது அவருக்கு லாபம்.

வீட்டில் பல வருடம் இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னோம். அது சிரிப்புக் கதை மட்டும் இல்லை என்று புரிந்தது அவர் செத்த பிறகு.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கிருஷ்ணகிரி பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். 2004இல் பிரிவதற்கு முன் அதுவும் தர்மபுரி மாவட்டம்தான். மாங்காய்த் தோப்பு குத்தகை எடுப்பவர். பூ விடும்போதே தோட்டக்காரருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டும், காய் இறங்கினால்தான் பணம் திரும்பும். அப்படிக் கொடுக்க வைத்திருந்த பணத்தை ஒரு தை மாதத்தில் மூன்று ராத்திரியில் மாமாவிடம் விட்டிருக்கிறார். தோப்பு கைவிட்டுப் போய், இரண்டு வருடம் அடுத்தவன் தோப்பில் கூலிக்குக் காய் பறித்திருக்கிறார். இலையில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "உங்க மாமா ஏமாத்தலீங்க தம்பி. ஒரு காய்கூட நகத்தல. நான்தான் ஜெயிச்சிடுவேன்னு நெனச்சேன்."

கூடத்தில் எல்லாரும் தலையாட்டினோம். அவர் பெருந்தன்மை எங்களுக்கு வசதியாக இருந்தது. அத்தை மட்டும் வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அந்த நெனப்ப உங்களுக்கு உண்டாக்குனது யாருங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று ராத்திரிப் பணத்தில்தான் எங்கள் பாட்டி வீட்டுக்கு ஓடு போட்டது என்று அத்தைக்குத் தெரியும். அதன் கீழேதான் அப்போது எல்லாரும் உட்கார்ந்திருந்தோம்.

திருக்குறளில் 94ஆவது அதிகாரம் சூது. வள்ளுவர் அதில் முதலில் எச்சரிப்பது தோல்வியைப் பற்றி அல்ல, வெற்றியைப் பற்றி. ஜெயித்த காசைத்தான் அவர் தூண்டிலாகப் பார்க்கிறார். மகாபாரதத்தின் நளன் கதையிலும் இப்படி ஒரு இடம் உண்டு. நாட்டையே தாயத்தில் தோற்ற நளன், ரிதுபர்ண ராஜாவிடம் தேரோட்டியாக இருக்கும்போது ஒரு தான்றி மரத்தடியில் சூதின் ரகசியத்தை அவரிடமிருந்து கற்றுக்கொள்கிறான். தான்றிக் கொட்டைகள்தான் அந்தக் காலத்துச் சூதுக்காய். எங்கள் பக்கத்து மலைகளிலும் அந்த மரம் இருக்கிறது, காயைத் திரிபலாவுக்குப் பொறுக்குவார்கள். கற்றுக்கொண்ட பிறகு நளன் திரும்பிப் போய்த் தன்னை வென்ற புஷ்கரனைக் கூப்பிட்டு ஆடி ஜெயிக்கிறான். புஷ்கரனுக்குத் தெரிந்ததெல்லாம் பழைய நளனைத்தான். கதை கேட்கும்போது நாம் நளன் பக்கம் நிற்கிறோம். அத்தை கேட்ட கேள்வியை அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வி கோர்ட்டுகளையும் சுற்றிவந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர்ந்து வந்தபோது தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தித் தடை போட்டது. ரம்மி திறமை ஆட்டம் என்ற பழைய வாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் அதை ரத்து செய்தது. 2022இல் இன்னொரு சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிலிருந்து விடுவித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் மொத்தமாகத் தடுக்கிறது.

திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி மாமாவின் மேஜையில் ஒருநாளும் உதவியிருக்காது. அங்கே நடந்தது முழுக்கத் திறமை. இரண்டு பேர் உட்காரும்போது இன்னொருவனைப் பற்றி யாருக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் எல்லாம் இருந்தது. மாமாவுக்கு மாங்காய்க்காரரைப் பற்றி எல்லாம் தெரியும், மடியில் எவ்வளவு இருக்கிறது என்பது வரை. மாங்காய்க்காரருக்கு மாமாவின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. செத்தபிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்.

பஸ் ஏற்றிவிடப் போனபோது அவர் ஒன்று கேட்டார். "உங்க மாமா உண்மையிலேயே எப்படித் தம்பி ஆடுவாரு? என்கூட ஆடினது அவரோட முழு ஆட்டம் இல்லியே." யாரோடும் அவர் முழு ஆட்டம் ஆடியதில்லை என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.